ஒரே அறையில் மூன்று வகுப்பு: சட்டாம்பிள்ளையும் அக்காவும்

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியை ஒட்டிய ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில், 2022 ஜூன் முதல் 2023 மார்ச் வரை 1, 2, 3 வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தினோம். அந்த அறையின் ஆசிரியை நான்தான். பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் இன்னோர் ஆசிரியருக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் என் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின்னணி

1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பிரிட்டிஷ் படை பெங்களூருக்கு இடம் மாறியபோது அதோடு வந்த தமிழர்களின் வழியில் வந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கின்றன. 2001-ல் கோலார் தங்கவயல் மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பம் ரயிலில் வேலைக்கு வந்துபோய் கடைசியில் இங்கேயே வாடகைக்குத் தங்கிவிட்டவர்களும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வகை வீடுகளிலிருந்து வருபவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கில வழி. தமிழ் எங்கள் பள்ளியில் பாடமே இல்லை. கன்னடம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கட்டாயம்.

கொரோனாவுக்கு முன்பே சேர்க்கை குறைந்துகொண்டிருந்தது. பிறகு இன்னும் குறைந்தது. 2022-ல் மூன்று வகுப்புக்கும் சேர்த்து 34 பேர்: ஒன்றில் 11, இரண்டில் 10, மூன்றில் 13. ஓர் ஆசிரியை திருமணமாகி ஓசூர் போனார், அவர் இடத்துக்கு ஆள் எடுக்கப் பள்ளியிடம் பணம் இல்லை. இருந்தவர்கள் நானும் கன்னட ஆசிரியையும், காலையில் மட்டும் வரும் ஒரு சிஸ்டரும்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு அறையையே பார்க்காதவர்கள். அவர்களுடைய ஒன்றாம் வகுப்பு முழுவதும் அம்மாவின் போனில் நடந்தது. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, 2021 அக்டோபர் 25 அன்று கர்நாடகத்தில் சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள். ஜனவரியில் ஒமிக்ரான் வந்து பெங்களூரில் மறுபடி மூடினார்கள். ஆக, பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு என்று இருந்தாலும் படிப்பில் யார் எந்த வகுப்பு என்று சொல்ல முடியாத நிலை.

சேர்க்கும் முடிவு

மே மாதக் கூட்டத்தில் தலைமை ஆசிரியையான மதர் கேட்டது ஒரே கேள்வி: "மூணையும் ஒண்ணா வெச்சா பெத்தவங்ககிட்ட என்ன சொல்றது?" பணம் இல்லாததால் சேர்க்கிறோம் என்று சொல்லவும் கூடாது, சேர்ப்பதுதான் நல்லது என்று பொய்யும் சொல்லக் கூடாது. எங்களுக்குள் அது தெளிவாகவே இருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாமல் பல வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றவற்றுக்கு எழுத்து வேலை கொடுப்பது ஒரு முறை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே வேலையை அவரவர் அளவில் செய்வது இன்னொரு முறை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி மூன்று மூன்று வயதாகச் சேர்த்தது இரண்டாவது வகை. கர்நாடக அரசுப் பள்ளிகளின் நலி கலி இரண்டுக்கும் நடுவில் வரும். ஆந்திரத்தில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்து, 1995-ல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டை தாலுகாவில் ஆரம்பித்த திட்டம் அது. பாடங்களைச் சின்னச் சின்னப் படிகளாக்கி ஏணி மாதிரி சுவரில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நிற்கும். ஆசிரியர் துணையோடு ஒரு குழு, நண்பர் துணையோடு ஒரு குழு, தானாகவே செய்யும் ஒரு குழு என்று பிள்ளைகள் பிரிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்து நலி கலி வகுப்பைப் பார்த்தேன். திரும்பி வந்து, ஏணியை எடுத்துக்கொள்ளலாம், அட்டைகளை நாமே செய்யலாம் என்று மதரிடம் சொன்னேன். நண்பர் துணைக் குழுவை அந்த ஆசிரியை எப்படி நடத்துகிறார் என்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அது பின்னால்தான் தெரிந்தது.

வருகைப் பதிவேடும் மதிப்பெண் அட்டையும் மூன்றாகவே இருந்தன. அறையில் இரண்டு சுவரில் கரும்பலகை, நடுவில் ஒரு இரும்பு பீரோ, ஜன்னலோரம் பாய்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கண்டது

முதல் வாரத்தில் 34 பேரையும் ஒவ்வொருவராக அழைத்து எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை என்று வாசிக்கவைத்துப் பார்த்தேன். ஏசர் என்ற கல்வி ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அதே எளிய முறைதான். மூன்றாம் வகுப்பின் 13 பேரில் 4 பேர்தான் ஆங்கிலத்தில் பத்தி வாசித்தார்கள். இரண்டு பேருக்கு மூன்றெழுத்துச் சொல்லும் வரவில்லை.

அந்த இருவரில் ஒருவன் தங்கவயல் குடும்பத்துப் பையன். வயது ஒன்பது. ஊரடங்கில் பாட்டி வீட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன். ஜெபமாலை முழுவதையும் தமிழில் தடங்கலில்லாமல் சொல்வான், அதுவும் "பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்ற பழைய நடையில். எங்கள் கோயிலில் இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, பாட்டியிடம் கேட்டது. அவ்வளவு நினைவு வைத்திருக்கும் பையன், புத்தகத்தைத் திறந்தால் சுவரைப் பார்ப்பான்.

இன்னொரு பக்கம், நன்றாகப் படிக்கும் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி. எட்டு வயது. சொன்னதை உடனே செய்வாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் செய்த முதல் தவறு இங்கேதான். ஒன்றாம் வகுப்பில் நான்கு பேரை அவள் பொறுப்பில் விட்டேன். சட்டையில் குத்திக்கொள்ள 'லீடர்' என்று ஒரு அட்டை நட்சத்திரமும் கொடுத்தேன். அந்த நேரத்தில் நான் பின்தங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அறை அமைதியாக இருந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா வந்தார். கோபமாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "மிஸ், எம் பொண்ணு இங்க படிக்க வர்றாளா, சின்னப் பசங்களுக்கு டியூஷன் எடுக்க வர்றாளா? டியூஷன்னா ஃபீஸ்ல கழிச்சுக்கோங்க."

பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவர்களுக்கே பாடம் நன்றாகப் பதியும் என்று விளக்கினேன். அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா கோயிலில் கொடி ஏறி நவநாள் தொடங்கியது. செப்டம்பர் 8 திருவிழா வரை எங்கள் பள்ளியில் வருகை பாதியாகிவிடும். காவி உடுத்தி வீடே கிளம்பிப் போகும், அதில் கத்தோலிக்கர் அல்லாத வீடுகளும் இருக்கும். கிடைத்த நேரத்தில் ஒன்றாம் வகுப்பு நோட்டுகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கு பேருடைய நோட்டிலும் எல்லாமே சரியாக இருந்தது. ஆங்கில 'ஜி' எழுத்தின் வால் நான்கு நோட்டிலும் ஒரே மாதிரி இரண்டு சுற்று சுற்றி மேலே ஏறியிருந்தது. அப்படி எழுதுபவள் அந்த அறையில் ஒருத்திதான். பிள்ளைகள் தப்பாக எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு, மூன்று மாதமாக அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நோட்டு சரியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன், அவள் சரியாக வைத்திருந்தாள். நான்கு சின்னப் பிள்ளைகளும் மூன்று மாதத்தில் கற்றது ஒன்றுதான்: அக்கா வரும்வரை சும்மா இருக்கலாம். அவள் கற்றது அதைவிட மோசம்.

நம் ஊருக்கு இது புதிது இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்து, மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனாக, சட்டாம்பிள்ளை இருந்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளைப் பார்த்து, பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னவர்களுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போனது. ஒரே வாத்தியாரை வைத்து நூறு பிள்ளைகளைச் சமாளிக்க அது மலிவான வழி. நானும் நலி கலி என்று பெயர் சொல்லிக்கொண்டு அதைத்தான் செய்திருந்தேன்.

செப்டம்பரில் மாற்றியவை

திருவிழா முடிந்த மறு வாரம் நட்சத்திர அட்டையை எடுத்துவிட்டேன். யாருக்கும் நிரந்தரமாக ஒரு சின்னப் பிள்ளை கிடையாது, யாரும் யாருக்கும் லீடர் இல்லை. ஒரே ஒரு விதி: சொல்லிக் கொடுப்பவர் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பென்சில் சின்னவர் கையில்தான். வாயால் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், தொடக் கூடாது. விளையாட்டு மாதிரி பிடித்துக்கொண்டார்கள். பெரிய சிறுமிக்கு மட்டும் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சின்னவன் 5-ஐத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்து, மூன்றாம் வகுப்புக்கென்று தினமும் 40 நிமிடம் ஒதுக்கினேன். அந்த நேரத்தில் சிஸ்டர் மற்ற இரு வகுப்பையும் பாயில் உட்காரவைத்துக் கதை சொல்வார். அந்த அம்மாவின் கேள்விக்கு நான் கொடுக்க முடிந்த நேர்மையான பதில் இந்த 40 நிமிடம்தான். அவரைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். "ஜூன்லயே இதைச் செஞ்சிருக்கலாமே" என்றார். ஆமாம்.

மூன்றாவது மாற்றம் எனக்கே கொஞ்சம் தாமதமாகப் பிடிபட்டது. வயதில் பெரியவர்தான் தெரிந்தவர் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? ஒன்றாம் வகுப்பில் வீட்டில் கன்னடம் பேசும் ஒரு சிறுமி இருந்தாள். கன்னடத்தில் பெரிய ளகரமும் சின்ன லகரமும் தடுமாறும் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகள் அவளிடம் போய்ச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று கன்னட ஆசிரியை ஏற்பாடு செய்தார். ஆறு வயதுக்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டு வயதுக்காரர்களைத் திருத்துவாள், கொஞ்சமும் இரக்கம் இருக்காது.

தங்கவயல் பையனுக்குச் செய்தது வேறு. ஒன்பது வயதுப் பையன் கையில் எட்டுப் பக்கப் படக்கதையைக் கொடுத்தால் அவனுக்கு அவமானம். ஆனால் சின்னவன் ஒருவனுக்கு வாசித்துக் காட்டத்தான் அந்தப் புத்தகம் என்றால் அவமானம் இல்லை. இங்கே பெங்களூரிலேயே இயங்கும் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் முதல் நிலைப் புத்தகங்கள் சில அலமாரியில் இருந்தன. பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம். பள்ளி விட்டதும் பத்து நிமிடம் அவனும் நானும் ஒரு புத்தகத்தை வாசித்துப் பழகுவோம். மறுநாள் காலை பாயில் அதை ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வாசிப்பான். மாலையில் அவன் பழகுவது வேறு யாருக்கும் தெரியாது. முதல் புத்தகத்துக்கு ஒன்பது நாள் ஆனது. ஆறாவது புத்தகத்துக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.

அக்டோபரில் ஒரு பையன் பள்ளியை விட்டுப் போனான். "ஒரே ரூம்ல மூணு கிளாஸ்னா கவர்ன்மென்ட் ஸ்கூல் மாதிரி இருக்கு" என்றார் அவன் அப்பா. நாங்கள் போய்க் கற்றுக்கொண்டு வந்ததே அரசுப் பள்ளியில்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

ஞானோபதேச நேரம்

கத்தோலிக்கப் பள்ளி என்றால் எல்லாரும் ஞானோபதேசம் (கேட்டகிசம் என்னும் மதப் பாடம்) படிக்கிறார்கள் என்று வெளியில் நினைப்பதுண்டு. அப்படி இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையை மத போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. எங்கள் 34 பேரில் 19 பேர் கத்தோலிக்கர். அவர்களை சிஸ்டர் மாதா கெபிக்கு (மாதா சுரூபம் வைத்த குகை மாடம்) பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டகிசம் எடுப்பார், மற்றவர்களுக்கு அறையில் நான் மாரல் சயன்ஸ். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் இந்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் கெபிக்கும் போனார்கள்.

ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து வைத்துக் கேட்டகிசம் எடுக்க சிஸ்டருக்கு முதலில் தயக்கம். மனப்பாடக் கேள்வி பதில் வகுப்புக்கு வகுப்பு வேறு. பிறகு அவரே ஒரு வழி கண்டார். 1954-ல் ரோமில் சோஃபியா கவல்லெட்டி என்ற விவிலிய அறிஞரும், மாண்டிசோரி ஆசிரியையான ஜான்னா கோப்பியும் தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி' முறையில் 3 முதல் 6, 6 முதல் 9, 9 முதல் 12 என்று வயதைச் சேர்த்துத்தான் நடத்துவார்கள். ஆசிரியர் விளக்கமாட்டார். சின்ன மரப் பொம்மைகளை நகர்த்திக் கதையைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்பார். எங்களிடம் மரப் பொம்மை ஏது? பழைய கிறிஸ்துமஸ் குடில் பெட்டியிலிருந்து ஆட்டுச் சுரூபங்களை எடுத்தார்கள், காது உடைந்தது ஒன்று, கால் இல்லாதது இரண்டு.

லூக்கா நற்செய்தியின் காணாமல்போன ஆடு. சிஸ்டர் ஒரு ஆட்டைத் தூரத்தில் வைத்து மேய்ப்பனை நகர்த்தினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "அப்போ மீதி ஆட்டை யார் பாத்துக்குவாங்க?" என்று கேட்டது. சிஸ்டர் பதில் சொல்லவில்லை, சுற்றிலும் பார்த்தார். தங்கவயல் பையன் சொன்னான்: "அதுங்க ஒண்ணா இருந்தா எங்கேயும் போகாது. பயமும் இருக்காது. தனியா போனதுதான் கத்தும். கத்தறதைக் கேட்டுத்தான் தேடணும்." ஆட்டை உண்மையில் தேடிப் போனவன் அங்கே அவன் ஒருவன்தான். மாலையில் சிஸ்டர் இதை என்னிடம் சொன்னபோது, அந்த நாலு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அட்டையில் எழுதி அடுத்த வாரம் அவனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். தான் சொன்னது என்பதால் ஊகித்து ஊகித்து வாசித்தான். சொந்த வாக்கியத்திலிருந்து வாசிப்பைத் தொடங்குவது நல்ல வழி.

டிசம்பர்: குடிலும் கேழ்வரகும்

எல்லாரும் ஒரே வேலையை அவரவர் அளவில் செய்வது என்றால் என்ன என்று எனக்கே விளங்கியது கிறிஸ்துமஸ் குடிலில்தான். குடிலுக்கு முன்னால் புல்வெளி வேண்டும் என்று தட்டுகளில் கேழ்வரகு விதைப்பது இங்கே வழக்கம். குடில் மேடையின் முன்பகுதி 180 செ.மீ நீளம், 40 செ.மீ அகலம். தட்டு ஒன்று 30-க்கு 20. எத்தனை தட்டு வேண்டும்? ஒன்றாம் வகுப்பு தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தட்டைத் தூக்கித் தூக்கி வைத்து எண்ணியது. இரண்டாம் வகுப்பு ஸ்கேல் வைத்து அளந்தது. மூன்றாம் வகுப்பு நோட்டில் ஆறு, இரண்டு, பன்னிரண்டு என்று போட்டது. முதலில் விடை சொன்னது தரையில் தட்டு வைத்த கூட்டம்தான்.

டிசம்பர் 12 அன்று விதைத்தோம். அதற்கு மூன்று நாள் முன்புதான் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்திருந்தது. பெங்களூரில் மழைத் தூறலும் குளிரும், வெயிலையே காணோம். முளை வரத் தாமதமானது. சின்னவர்கள் கவலையில் தண்ணீரை ஊற்றி ஊற்றி இரண்டு தட்டு அழுகி நாற்றமெடுத்தது. யார் ஊற்றியது என்ற விசாரணை ஒரு பீரியட் ஓடியது. தடுக்கவில்லை.

முளை வந்த பிறகு தினமும் அளந்தார்கள். ஒன்றாம் வகுப்பு பச்சை நூலை முளை உயரத்துக்கு வெட்டி, தேதிக்கு ஒன்றாகச் சார்ட்டில் ஒட்டியது. இரண்டாம் வகுப்பு நூலுக்குக் கீழே மில்லிமீட்டரை எழுதியது. மூன்றாம் வகுப்பு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் போட்டது: 31-லிருந்து 18 போக. கடன் வாங்கிக் கழிப்பதைக் கரும்பலகையில் நான் எத்தனை முறை போட்டிருப்பேன்! தங்கவயல் பையன் 27 என்று எழுதினான். எட்டிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டான். பக்கத்தில் நூல் ஒட்டிக்கொண்டிருந்த சின்னவன் இரண்டு நூலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டி, "அண்ணா, இவ்ளோதானே ஜாஸ்தி, அதுக்குப் போய் இருபத்தேழா?" என்றான். அவன் கழித்தல் படித்தவனே இல்லை. நூலைப் பார்த்துச் சொன்னான், அவ்வளவுதான்.

தவக்காலம்

புதுநன்மை, அதாவது பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவது, ஈஸ்டருக்குப் பிறகு ஏப்ரலில். 1910-ல் பாப்பரசர் பத்தாம் பயஸ் புத்தி தெளியும் வயது, அதாவது ஏழு வயது அளவில், நற்கருணை கொடுக்கலாம் என்று விதித்தார். எங்கள் பங்குக் கோயிலில் மூன்றாம் வகுப்பில் கொடுக்கிறார்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் 2023 பிப்ரவரி 22 அன்று வந்தது. அதன் பிறகு, மூன்றாம் வகுப்பின் எட்டுப் பேருக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, தயாரிப்பு தொடங்கியது. சின்னவர்கள் வராந்தாவில் மேரி பிஸ்கட்டை வைத்துப் பூசை விளையாடினார்கள். சிஸ்டர் கண்டித்தார், மறுநாள் தானே போய்ப் பிஸ்கட்டைக் கையில் எப்படி வாங்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவற்றை யோசித்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பெரிய சிறுமி பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பொறுப்பில் முன்பு இருந்த ஒன்றாம் வகுப்புச் சிறுமி பக்கத்தில் வந்து நின்று, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "அக்கா, என்னை டெய்லி மக்குன்னு சொன்னியே, அதை எழுதிக்கோ."

அறையில் நானும் இருந்தேன். நட்சத்திரத்தை எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பெரியவள் முகம் சிவந்து, "மிஸ் முன்னாடி சொல்லலையே, மெதுவாத்தானே சொன்னேன்" என்றாள். பிறகு அழுதாள். அடுத்தவர் பாவத்தை எடுத்துக் கொடுப்பது நம் வேலை இல்லை என்று சிஸ்டர் சின்னவளிடம் சொன்னார். சரிதான். ஆனால் அந்தத் தாளில் என் பெயரும் இருந்திருக்க வேண்டும். அவளிடம் தனியாகப் பேசினேன். உன்னை அந்த இடத்தில் உட்காரவைத்தது நான், நீ இல்லை என்றேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அந்த வாரம் முழுவதும் இருவரும் மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

விளைவு

மார்ச் கடைசியில் அதே வாசிப்புச் சோதனையை வைத்தேன். மூன்றாம் வகுப்பின் 13 பேரில் 11 பேர் பத்தி வாசித்தார்கள். தங்கவயல் பையன் வாசித்தான், விரலை வைத்து, மெதுவாக. இதற்கெல்லாம் கலப்பு வயதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். இரண்டு ஆண்டு மூடிக் கிடந்த பள்ளி ஒழுங்காக நடந்தாலே முன்னேற்றம் வரும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வகுப்பும் எங்களிடம் இல்லை.

கணக்கில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் போனது போனதுதான். வகுத்தலை அவசரமாக முடித்தேன். நான்காம் வகுப்பு ஆசிரியை ஜூனில் வந்து, "வாசிக்கிறாங்க, ஆனா ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல தடுமாறுறாங்க" என்றார். அந்தப் பெரிய சிறுமியும் அதில் ஒருத்தி.

கண்ணுக்குத் தெரிந்த இன்னொன்று: யாரிடம் கேட்பது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது. ஆண்டின் ஆரம்பத்தில் எல்லாக் கேள்வியும் "மிஸ்" என்றுதான் வரும். கடைசியில், ஷூ லேஸ் என்றால் ஒருவனிடம், கன்னடம் என்றால் அந்தச் சின்னவளிடம், ஆடு, செடி, மழை என்றால் தங்கவயல் பையனிடம் போனார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மூன்றாம் வகுப்பின் தனி நேரம் முதல் நாளிலிருந்தே வேண்டும். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள இன்னொரு பெரியவர் அறையில் இல்லையென்றால் மூன்று வகுப்பைச் சேர்க்கவே கூடாது என்பது இப்போது என் கருத்து. எட்டு வயதுப் பிள்ளையை வைத்து ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டக் கூடாது. பெற்றோரிடம் மே மாதமே முழுக் காரணத்தையும், பணக் கஷ்டம் உட்பட, சொல்லியிருக்க வேண்டும். மதர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் இந்தக் குறிப்பில் இரண்டாம் வகுப்பைப் பற்றி எவ்வளவு கொஞ்சமாக எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள். அறையிலும் அப்படித்தான் நடந்தது. சின்னவர்களுக்கு உதவி வேண்டும், பெரியவர்களுக்குப் பொறுப்பு வேண்டும். நடுவில் இருந்த பத்துப் பேர் தொந்தரவு கொடுக்காத நடுப்பிள்ளைகளாக ஓர் ஆண்டைக் கடந்தார்கள். ஒரு பையனுக்குக் கண்ணாடி தேவை என்பதை ஜனவரியில்தான் கண்டுபிடித்தோம், அதுவும் கேழ்வரகு அளக்கும்போது ஸ்கேலை மூக்கருகே வைத்துப் பார்த்ததை நினைவு வைத்துச் சிஸ்டர் சொன்ன பிறகு. இப்போது வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, இரண்டாம் வகுப்பை மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

2023 ஜூனில் அறை மறுபடி மூன்று வகுப்போடு திறந்தது. போன ஆண்டின் ஒன்றாம் வகுப்பு இரண்டானது, இரண்டு மூன்றானது. கையைப் பின்னால் கட்டும் விதியைப் புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெரிய சிறுமி மாடியில் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுடைய தங்கையை ஒன்றாம் வகுப்பில், இதே அறையில், சேர்க்க அம்மா வந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "இவளும் நல்லா படிப்பா மிஸ். ஆனா மூணாங்கிளாஸ் வந்ததும் ஸ்டார் கீர் எதுவும் குத்திடாதீங்க."